அச்சுவேலிக்கு எத்தனை எழுத்து?

‘அச்சுவேலி’ என்ற ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை மடித்துச் சொல்லிவிடும்: அ, ச், சு, வே, லி. ஐந்து.

அதே ஊரில் நூறு வருடத்துக்கு முன் ஈய எழுத்துக் கோத்த ஒருவரைக் கேட்டிருந்தால், ஆறு என்றிருப்பார். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனைக் கேட்டால், ஒன்பது என்கிறது. மூவரும் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள். எதை எழுத்து என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு.

போனுக்குச் செயலி எழுதப் பழக வேண்டும், ஆனால் அரிச்சுவடியே தெரியாது, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இந்த ஒன்பதுதான். கணக்குப் போடும் செயலி, படம் வரையும் செயலி எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் எழுத்தை எண்ணிச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். பிழையான விடை வரும். அந்தப் பிழையிலிருந்து பாடம் ஆரம்பமாகும்.

செய்வதற்கு ‘ஆப் இன்வென்டர்’ போதும். 2010இல் கூகுள் நிறுவனத்தில் பிறந்து, 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வளர்ந்துவரும் இலவசக் கருவி அது. பின்னணியில் இருந்தவர் ஹால் ஏபல்சன் என்ற பேராசிரியர். அதில் நிரலை வரிவரியாக எழுதத் தேவையில்லை. துண்டுகளை இழுத்து, ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் முனையைப் பொருத்தினால் போதும். பொருந்தாத துண்டுகள் ஒட்டாது. ஆகவே புதியவரைத் திணறடிக்கும் காற்புள்ளி, அடைப்புக்குறித் தவறுகள் இங்கே வருவதில்லை. இணையம் உள்ள ஒரு கணினி வேண்டும். அது பாடசாலைக் கணினி அறையாக இருக்கலாம், அண்ணனின் மடிக்கணினியாக இருக்கலாம்.

திரையில் மூன்று பொருட்களை வையுங்கள்: சொல்லை எழுத ஒரு பெட்டி, தொடுவதற்கு ஒரு பொத்தான், விடையைக் காட்ட ஒரு வெற்றிடம். பிறகு துண்டுகளைக் கோத்துவிடுங்கள். “பொத்தானைத் தொட்டால், பெட்டியில் உள்ள சொல்லின் நீளத்தை எடுத்து வெற்றிடத்தில் காட்டு.” செயலி முடிந்தது.

இந்த ஒரு வரியில் செயலிகளின் இயல்பு முழுவதும் இருக்கிறது. உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைகள் எழுதும் சிறு நிரல் பெரும்பாலும் சமையற் குறிப்பைப் போன்றது. முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிந்துவிடும். போன் செயலியோ சந்தைக் கடைக்காரரைப் போன்றது. கடையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. வெங்காயம் கேட்டால் நிறுக்க வேண்டும், மிச்சக் காசு கேட்டால் எண்ண வேண்டும். யார், எப்போது, எதைக் கேட்பார் என்று அதற்குத் தெரியாது. செயலி எழுதுவது என்றால், “இது நடந்தால் இதைச் செய்” என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது.

இப்போது ‘அச்சுவேலி’ என்று எழுதிப் பொத்தானைத் தொடுங்கள். 9.

ஏன்? போனுக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு யுனிகோட் என்று பெயர். அதன்படி நம் ஊர்ப் பெயர் போனுக்குள் இப்படிக் கிடக்கிறது:

2949, 2970, 3021, 2970, 3009, 2997, 3015, 2994, 3007.

2949 அகரம். 2970 ‘ச’. அடுத்த 3021தான் புள்ளி, தனியே ஓர் எண்ணாக. மீண்டும் ‘ச’, பிறகு உகரக் குறி. ‘வ’, பிறகு இரட்டைக் கொம்பு. ‘ல’, பிறகு விசிறி. மொத்தம் ஒன்பது.

இலக்கணம் படித்தவருக்கு இங்கே ஒரு நெருடல் வரும். நமக்கு ‘ச்’ என்பது மெய். அதனோடு அகர உயிர் சேர்ந்தால்தான் ‘ச’. தொல்காப்பியம் தொட்டு இதுதான் வைப்பு முறை. யுனிகோட் தலைகீழாக நிற்கிறது. அதற்கு ‘ச’ தான் அடிப்படை. புள்ளி வைத்து அகரத்தைக் கழித்தால் ‘ச்’ வரும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ என்ற பழைய குறிமுறையிலிருந்து வந்த வழக்கம் இது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் ‘டேஸ் 16’ முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. என்றாலும் போன்களில் நிலைத்தது யுனிகோட்தான்.

அதில் ஒரு சிக்கனமும் உண்டு. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1. கூட்டினால் 43. இந்த 43 எண்களை வைத்து 247 எழுத்தையும் எழுதிவிடலாம்.

அந்தச் சிக்கனத்துக்கு விலையும் கொடுத்தோம். ஒரு குறுஞ்செய்திக்குள் ஆங்கிலத்தில் 160 குறிகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70தான். நம் ஊர்ப் பெயர் மட்டுமே அதில் ஒன்பதைத் தின்றுவிடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளிவந்து, போனில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி திறந்தபோது, இப்படிப்பட்ட நெருக்கடிகளுக்குள்தான் அது புழங்க வேண்டியிருந்தது.

ஈய எழுத்துக் கோத்தவர் சொன்ன அந்த ஆறு எங்கிருந்து வந்தது? அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சுக்கூடம் இருந்தது. சுவாமி ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் அங்கே அச்சானது. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ‘ச்’ ஒரே அச்சு, ‘சு’ ஒரே அச்சு, ‘லி’ ஒரே அச்சு. ‘வே’ மட்டும் இரண்டு: கொம்பு ஓர் அறையில், ‘வ’ இன்னோர் அறையில். அ, ச், சு, கொம்பு, வ, லி. ஆறு தரம் கை பெட்டிக்குப் போய்வர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. அச்சுக்கோப்பவர் கொம்பை முதலில் வைத்துவிட்டு ‘வ’வை எடுப்பார். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. போன் ‘வ’வை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கிறது. வாயில் ஒலிக்கும் ஒழுங்கு அது. அப்படியானால் திரையில் கொம்பு எப்படி முன்னால் வந்து நிற்கிறது?

போனுக்குள்ளும் ஓர் அச்சுக்கோப்பவர் இருக்கிறார். ஆண்ட்ராய்டு போன்களில் அவர் பெயர் ‘ஹார்ஃப்பஸ்’. எழுத்துகளை உருவமைத்துத் தரும் இலவச மென்பொருள் அது. பாரசீக மொழிச் சொற்களால் ஆன பெயர். நீங்கள் ‘வே’ என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் அது 2997, 3015 என்ற எண்களை வாசித்து, இரண்டாவதைத் தூக்கி முதலாவதன் இடப்பக்கம் வைத்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புகிறது. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துகிறது. இந்த வேலைக்கு ஆள் இல்லாத பழைய போன்களில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இன்னொரு விளையாட்டு. சொல்லைத் திருப்பிப் போட்டு, இருபுறமும் ஒன்றாக வாசிக்கிறதா என்று பார்க்கும் செயலி. எந்த நிரலாக்கப் பாடநூலிலும் இந்தப் பயிற்சி இருக்கும். ‘விகடகவி’ என்று கொடுங்கள். தெனாலிராமன் கதை கேட்ட எல்லோருக்கும் தெரிந்த சொல். செயலி இல்லை என்று தலையாட்டும். அது ஐந்து எழுத்தைத் திருப்பவில்லை, ஏழு எண்களைத் திருப்பியிருக்கிறது. கடைசி விசிறி முதலுக்கு வந்து, ஒட்ட எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்குகிறது. ஆங்கிலச் சொற்களை வைத்துப் பயிலும் பிள்ளை இந்தச் சிக்கலைப் பல வருடம் சந்திக்காமலே போகலாம். தமிழில் பயிலும் பிள்ளைக்கு முதல் நாளே கிடைக்கிறது. இதை நான் குறையாக எண்ணுவதில்லை, சீதனம் என்றே சொல்வேன்.

சரி, திருத்துவோம். எண்ணக் கூடாதவை எவை? பதினொரு உயிர்க்குறிகளும் புள்ளியும். இந்தப் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் போடுங்கள். பிறகு போனுக்குச் சொல்லுங்கள்:

எண்ணிக்கை 0 என்று வை.
சொல்லில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடு.
எடுத்தது பட்டியலில் இல்லையென்றால் எண்ணிக்கையில் 1 கூட்டு.
எல்லாம் முடிந்தபின் எண்ணிக்கையைக் காட்டு.

ஒன்பதில் புள்ளி, உகரக் குறி, கொம்பு, விசிறி நான்கும் போக, ஐந்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் போனும் ஒத்துப்போய்விட்டார்கள். இடையில் நீங்கள் நான்கு விஷயங்கள் படித்துவிட்டீர்கள்: மதிப்பை வைத்திருக்கும் மாறி, பலவற்றை வைத்திருக்கும் பட்டியல், திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று, இருந்தால்-இல்லாவிட்டால் என்ற நிபந்தனை. வங்கிச் செயலியும் பஸ் நேரம் சொல்லும் செயலியும் இந்த நான்கின் மேல்தான் கட்டப்படுகின்றன.

அதைவிடப் பெரிய படிப்பு ஒன்றும் நடந்திருக்கிறது. ‘வே’ ஓர் எழுத்து என்று நமக்கு எப்போதும் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, நாமும் சொல்லிப் பார்த்ததில்லை. போன் கேட்டது, சொல்ல வேண்டி வந்தது. நிரலாக்கம் என்ற கலையில் பாதி, நமக்குத் தெரிந்ததை ஒன்றுமே தெரியாத ஒன்றுக்கு விளங்கவைப்பதுதான். நல்ல வாத்தியார்மாருக்கு இது பழகிய வேலை.

திருத்தியபின்னும் பொறிகள் காத்திருக்கின்றன. ‘தோட்டம்’ என்பதில் உள்ள ‘தோ’வை யுனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்தை எண்ணும்போது நம் முறை இரண்டையும் சமாளித்துவிடும். தேடும்போது அகப்பட்டுக்கொள்வோம். ஒரு விதமாகச் சேமித்த ‘தோட்டம்’ மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது. ஆகவே தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ‘ஸ்ரீ’யை எத்தனை எழுத்தாக எண்ணுவது என்பது இன்னொரு வழக்கு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நிரலாளர் அல்லர், தமிழாசிரியர்.

இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழிலேயே கட்டளை எழுதும் ‘எழில்’ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. அதில் திரையில் ஒன்றைக் காட்டச் சொல்லும் கட்டளை ‘பதிப்பி’. அச்சுக்கூடத்தின் வினைச்சொல் கணினிக்குள் குடியேறியிருக்கிறது. அவரும் நண்பர்களும் பைதனுக்காக எழுதிய ‘ஓப்பன் தமிழ்’ தொகுப்பில், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரவே ஒரு பகுதி உண்டு. ஆப்பிள் 2014இல் வெளியிட்ட ‘சுவிஃப்ட்’ மொழியோ, கேட்ட மாத்திரத்தில் அச்சுவேலிக்கு ஐந்து என்கிறது. மனிதர் எதை ஓர் எழுத்தாகப் பார்க்கிறார் என்பதை அடிப்படையாகக் கொண்டு அது எண்ணுகிறது. ஐபோன் செயலிகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் எழுதப்படுகின்றன. ஆண்ட்ராய்டுக்கு இன்று முதன்மை மொழி ‘கொட்லின்’. அது ஒன்பது என்றே சொல்லும், ஆனால் உங்களுக்குக் காரணம் தெரியும்.

துண்டுகளை இழுத்துப் பொருத்துவது சலித்துப்போனால் கொட்லினுக்குப் போகலாம். செய்ததைக் கூகுள் கடையில் வைக்க ஒரு தரம் 25 டொலர் கட்ட வேண்டும், ஆப்பிள் கடையில் வருடத்துக்கு 99 டொலர். தொடக்கத்தில் இரண்டும் வேண்டாம். செய்த செயலியை உங்கள் போனிலும் கூட்டாளியின் போனிலும் காசில்லாமலே போட்டுப் பார்க்கலாம். துணைக்கு ஆட்கள் வேண்டுமென்றால், யாழ் ஐ.ரி. ஹப் 2012 முதல் நடத்திவரும் ‘யாழ் கீக் சலஞ்ச்’ போட்டிகளைப் போய்ப் பாருங்கள். வடக்குப் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் அது.

அதற்கு முன், இன்றைக்கே உங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரை போடுங்கள்: நீங்கள் எண்ணியது, அச்சுக்கோப்பவர் எண்ணியிருக்கக்கூடியது, போன் எண்ணப்போவது. மூன்றையும் எழுதிய பிறகு செயலியைத் திறந்து சரிபாருங்கள். வல்வெட்டித்துறைக்காரர் கொஞ்சம் கூடுதலாக எண்ண வேண்டியிருக்கும்: அவர்கள் ஊருக்கு எழுத்து எட்டு, எண் பதினைந்து.