பாவையின் கண்ணில் ஈரம்

தமிழில் 'பாவை' என்னும் சொல்லுக்குப் பொம்மை என்பது ஒரு பொருள். கண்ணின் கருமணியிலே தோன்றும் உருவம் என்பது மற்றொரு பொருள். ஒருவர் கண்ணை மற்றொருவர் அணித்தே நின்று நோக்கும்போது, நோக்குபவருடைய சிற்றுருவம் அக்கருமணியிலே தெரிகின்றது. அவ்வுருவத்தையே நம் முன்னோர் பாவை என்றனர். இவ்வாறு எண்ணியோர் தமிழர் மட்டுமல்லர். வடமொழியிற் கண்மணியைக் குறிக்கும் 'கனீனிகா' என்னும் சொல் சிறுமி என்றும் பொருள்படும். இலத்தீன் மொழியிலுள்ள 'பூப்பில்லா' என்பதற்குச் சிறு பெண், பொம்மை, கண்மணி ஆகிய மூன்றும் பொருளாம். நாடு பல கடந்து வாழ்ந்த மக்கள் கண்ணை உற்று நோக்கி ஒரே எண்ணங் கொண்டமை வியத்தற்குரியதன்றோ!

கண்ணிலே பொம்மையைக் கண்டு மகிழ்ந்த மனிதன், பொம்மையிலே கண்ணை அமைக்க முற்பட்டபோது பெருந்தொல்லைக்கு ஆளானான். கையையும் காலையும் உயிருள்ளனபோற் செய்தல் எளிது. கன்னத்தின் செம்மையையும் நகத்தின் பிறையையும் வர்ணத்தாற் காட்டலாம். கண் மட்டும் கைப்பணியாளனை இன்றுவரை ஏய்த்துக்கொண்டே இருக்கின்றது.

பிறந்த குழந்தை போலொரு பொம்மை

1990களில் அமெரிக்காவிலே ஒரு புதிய கைப்பணி பரவத் தொடங்கிற்று. 'ரீபோர்ன்', அதாவது மறுபிறப்பெடுத்த பொம்மை, என்பது அதன் பெயர். வினைல் என்னும் மென்மையான செயற்கைப் பொருளால் வார்த்த பொம்மையைக் கழற்றிக் கழுவி, அதன்மேல் வர்ணத்தை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசுவர். ஒவ்வொரு படலமும், பொம்மையை அடுப்பில் ஏறக்குறைய 130 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்து இறுகச் செய்யப்படும். தோலின் கீழோடும் நீல நரம்பும், புதிதாய்ப் பிறந்த மேனியின் திட்டுத்திட்டான செம்மையும் இவ்வாறு அமைகின்றன. தலைமயிர் இழை இழையாக ஊசியால் நடப்படுகின்றது. உள்ளே கண்ணாடி மணிகளை இட்டு உண்மைக் குழந்தையின் பாரத்தையும் வருவிப்பர். கையில் எடுத்தவர் தம்மையறியாமலே அதன் தலையைத் தாங்கிப் பிடிப்பர்.

இப்பொம்மைகள் எவ்வளவு ஏமாற்றவல்லன என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துக் கீன் நகரிலே, பூட்டிய மோட்டார் வண்டிக்குள் ஒரு குழந்தை அசைவற்றுக் கிடப்பதாகச் செய்தி கிடைத்தது. விரைந்து சென்ற பொலிஸ் அதிகாரி வண்டியின் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை வெளியே எடுத்தார். உயிர்ப்பூட்ட முயன்றபோதுதான் அது பொம்மையென்பது தெரியவந்தது.

உறங்குங் குழந்தையாகச் செய்த பொம்மை இவ்வாறு எளிதில் ஏமாற்றிவிடும். கண் விழித்த குழந்தையாகச் செய்வதோ மிக அரிது. அதன் காரணத்தை அறிய வேண்டின் உயிர்க்கண்ணின் இயல்பை முதலில் ஆராய்தல் வேண்டும்.

உயிர்க்கண்ணின் ஒளி

கண்ணிலே நாம் காணும் ஒளி கண்ணுக்குள்ளிருந்து வருவதன்று. கருவிழியின் முன்னே கடிகாரக் கண்ணாடிபோல வளைந்து நிற்கும் தெளிந்த படலம் ஒன்று உளது. அதனை விழிவெண்படலம் என்பர். அதன்மேல் கண்ணீர், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே தடிப்புள்ள மெல்லிய போர்வையாகப் பரந்து கிடக்கின்றது. இமைக்குந்தோறும் இப்போர்வை புதுப்பிக்கப்படுகின்றது. வெளியொளி இந்த ஈர மேற்பரப்பிலே பட்டுத் தெறிக்கின்றது. நூறு பங்கு ஒளியில் ஏறத்தாழ இரண்டு பங்கே இவ்வாறு தெறிப்படைகின்றது. எனினும் அச்சிறு தெறிப்பிலே எதிரேயுள்ள சன்னலும் விளக்கும் நோக்குபவரின் உருவமும் தெளிவாகத் தோன்றும். முன்னோர் பாவையென்றது இத்தெறிப்பையேயாம்.

கண்ணாடியோ, 'அக்கிரிலிக்கு' என்னும் செயற்கைப் பொருளோ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்யும். அஃதாவது, பொம்மையின் கண் உயிர்க்கண்ணிலும் பார்க்க இருமடங்கு பளபளக்கின்றது! அவ்வாறாயின் அது ஏன் உயிரற்றுத் தோன்றுகின்றது? பளபளப்புக் குறைந்தமையாலன்று. அப்பளபளப்பு எவ்விடத்திலே தொடங்கி எவ்விடத்திலே முடிகின்றது என்பதிலேதான் உயிர் தங்கியுள்ளது. உயிர்க்கண்ணிலே இமையின் விளிம்பும் விழியும் சேருமிடத்தில் கண்ணீர் ஒரு நூலிழைபோலத் தேங்கி நிற்கின்றது. மூக்கை அடுத்த உள்மூலையில் இளஞ்செந்நிறத் தசைத் துணுக்கொன்று எப்போதும் நனைந்திருக்கின்றது. அதற்கு அப்பால் இமைத்தோல் பளபளப்பின்றி உலர்ந்து கிடக்கின்றது. ஈரத்தையும் உலர்வையும் பிரிக்கும் அந்த எல்லைக்கோட்டினை நம் பார்வை நன்கறியும்.

பழைய காலத்துக் கைவினைஞர்

இவ்வுண்மையை ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே எகிப்தியர் உணர்ந்திருந்தனர். பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையிலே கால்மடித்து அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒருவரின் சிலை உளது. அது 1850ஆம் ஆண்டில் சக்காரா என்னுமிடத்திற் கண்டெடுக்கப்பட்டது. சிலை சுண்ணாம்புக்கல், விழியின் வெண்மைக்குச் செந்நிற இழையோடிய வெண்கல், கருவிழிக்கோ முன்புறம் மெருகேற்றிய பளிங்கு. பளிங்கின் முன்புற வளைவிலே ஒளி தெறிக்க, நிறம் அதன் பின்னே ஆழத்திலே தோன்றுகின்றது. இக்காரணத்தால் அவ்வெழுத்தர் இன்றும் நம்மை நோக்கி, நாம் சொல்லப்போவதை எழுதுவதற்குக் காத்திருப்பவர்போலக் காணப்படுகின்றார்.

ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள லௌசா என்னும் சிற்றூர் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்றது. பொம்மைக் கண்கள் செய்துவந்த லுட்விக் முல்லர்-ஊரி என்பவர் அங்கே 1835ஆம் ஆண்டளவில், கண்ணிழந்த மனிதருக்கான கண்ணாடிக் கண்களைச் செய்யத் தொடங்கினார். பொம்மைக்குக் கண் செய்த கையே மனிதனுக்கும் கண் செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியக் கண்ணாடிக் கண்கள் கிடையாமற் போகவே, அமெரிக்கப் படையின் பல்வைத்தியக் கூடங்களிலே அக்கிரிலிக்குக் கண்கள் செய்யப்பட்டன. இன்று பொம்மைக்கும் அப்பொருளே பெரிதும் உதவுகின்றது.

மெருகின் தொல்லைகள்

ரீபோர்ன் பொம்மைக்கு விழியைத் தலையின் உட்புறமிருந்து பொருத்துவர். வினைலைச் சற்றுச் சூடாக்கினால் அது நெகிழும். அப்போது விழியைக் குழியிற் பதித்துப் பசையால் நிலைநிறுத்துவர். இங்கே முதல் எச்சரிக்கை: வர்ணத்தை அடுப்பிலிட்டு இறுக்கும் வேலை முழுதும் முடிந்த பின்னரே விழியைப் பதித்தல் வேண்டும். அக்கிரிலிக்கு ஏறக்குறைய 105 பாகையிலேயே இளகத் தொடங்கும். 130 பாகை அடுப்பில் அதன் வளைவு கெட்டுவிடும். வளைவு கெட்டால் தெறிப்பும் சிதறும்.

விழியைப் பதித்ததும் இமைக்கும் விழிக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி தோன்றும். உயிர்க்கண்ணிலே கண்ணீர் நிற்கும் இடமும் அதுவே. அவ்விடத்தை நிரப்பவும், உள்மூலையிலும் கீழிமை விளிம்பிலும் ஈரத்தைக் காட்டவும் தெளிந்த மெருகு ஒன்றைத் தூரிகை நுனியால் இடுவர். தொல்லைகள் யாவும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, வெண்மை படர்தல். நீரிற் கரையும் அக்கிரிலிக்கு மெருகு போத்தலில் பால்போல வெண்மையாயிருக்கும். நுண்ணிய பல்பகுதியத் துணிக்கைகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம். நீர் ஆவியாகியதும் துணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து தெளிவடையும். தடிப்பாக ஒரே முறையில் இட்டால் மேற்பரப்பு முதலில் உலர்ந்து, உள்ளே நீர் அகப்பட்டுவிடும். பின்னர் கண்ணில் பூ விழுந்ததுபோன்ற தோற்றமே எஞ்சும். மெல்லிய படலமாக இட்டு, அது முற்றாக உலர்ந்தபின் அடுத்ததை இடுவதே தக்க முறை. மழைநாளின் ஈரக்காற்றிலே இன்னும் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, குமிழி. மெருகுப் போத்தலைக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் உண்டாகும். ஒரு சிறு குமிழி கண்மூலையில் உறைந்துவிட்டால் அது நோயுற்ற கண்ணாய்த் தோன்றும். போத்தலைக் குலுக்காது மெல்லக் கலக்கி, சிறிது நேரம் ஆறவிடல் வேண்டும்.

மூன்றாவது, பிசுபிசுப்பு. வினைல் மென்மையாயிருப்பதற்கு அதனுள் ஒருவகை எண்ணெய்த்தன்மையான பொருள் கலக்கப்பட்டுள்ளது. வீட்டிலிருக்கும் நகப்பூச்சைப் பூசிச் சமாளிக்க முயல்வோர் உளர். நகப்பூச்சிலுள்ள கரைப்பானும் வினைலிலுள்ள இப்பொருளும் ஒன்றையொன்று தாக்க, பூச்சு நெடுநாள் உலராது ஒட்டிக்கொண்டேயிருக்கும். தூசியெல்லாம் அங்கே வந்து குடியேறும். அக்கரைப்பான் அக்கிரிலிக்கு விழிமேற் பட்டால், நுண்ணிய வெடிப்புகள் தோன்றிக் கண் மங்கிவிடும். பின்னர் எம்மருந்தாலும் அதனை மீட்டல் இயலாது.

நான்காவது, மஞ்சளாதல். சிலவகைப் பிசின்கள் முதலிலே நீர்போலத் தெளிந்திருந்து, வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் படப்படப் பழுப்பேறும். சன்னலோரத்தில் வைத்த பொம்மைக்குச் சில ஆண்டுகளிற் காமாலைக் கண் வாய்ப்பது இதனாலேயாம்.

ஐந்தாவது தொல்லை மெருகின் குற்றமன்று, கையின் ஆசை. கண் மங்கலாயிருக்கின்றதே என்று விழியின் மேலேயே மெருகைப் பூசிவிடுவர். விழியின் மேற்பரப்பு ஏற்கெனவே மெருகுடையது. அதன்மேல் தூரிகை ஓடியதும் கோடுகள் விழுகின்றன. சன்னலின் தெளிந்த தெறிப்பு நூறு துண்டாகச் சிதறுகின்றது. அங்கே பாவை தோன்றுவதற்கு இடமேயில்லை. விழியை மெல்லிய துணியாற் சற்று நீர் தொட்டுத் துடைத்தலே அமையும்.

அன்றியும், ஈரத்திற்கும் ஓர் அளவுண்டு. பிறந்த குழந்தை முதற் சில வாரங்களில் எவ்வளவு வீரிட்டழுதாலும், பெரும்பாலும் கண்ணீர் வழிவதில்லை. கண் நனைந்திருக்கும், துளி திரண்டு விழாது. ஆதலின் பச்சிளங் குழந்தையாகச் செய்த பொம்மையின் கீழிமையிலே பெருந்துளியை நிறுத்துதல் இயற்கைக்கு மாறானது.

அன்பும் அச்சமும்

ஜேர்மனிய எழுத்தாளர் ஹொஃப்மன், 1816ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மணல் மனிதன்' என்னுங் கதையிலே, ஒலிம்பியா என்ற இயந்திரப் பாவைமேற் காதல்கொண்ட இளைஞனைக் காட்டுகின்றார். முதலில் அவள் கண்கள் அவனுக்கு நிலைகுத்தியனவாகவே தோன்றுகின்றன. தொலைநோக்கி ஒன்றினூடாகப் பார்த்தபோதே அவற்றில் ஈரமும் ஒளியும் பிறப்பதாக அவன் மயங்குகின்றான். ஈற்றில் கண்கள் பிடுங்கப்பட்ட பாவையைக் கண்டு அவன் சித்தங் கலங்குகின்றது. யப்பானியப் பொறியியற் பேராசிரியர் மசாகிரோ மோரி 1970ஆம் ஆண்டில் இதனையே வேறு வகையாக விளக்கினார். உருவமொன்று மனிதனை ஒக்குந்தோறும் நமக்கு அதன்மேல் விருப்பம் வளர்கின்றது. முழுதும் ஒத்துவிடுவதற்குச் சற்று முன்னர் அவ்விருப்பம் திடீரென அருவருப்பாய் வீழ்கின்றது என்பது அவர் கருத்து. அந்த வீழ்ச்சியை அவர் ஒரு பள்ளத்தாக்கிற்கு ஒப்பிட்டார்.

இவ்வச்சத்திற்கு ஆழ்ந்த காரணமுண்டு. உயிர் நீங்கியதும் இமைத்தல் நின்று, திறந்த விழியின் ஈரப் போர்வை உலர்ந்து, கண் மங்கத் தொடங்குகின்றது. பிணத்தருகே இருந்தோர் யாவரும் அதனை அறிவர். கண்ணொளியை நோக்கியே உயிருண்டா இல்லையா எனத் துணியும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கின்றது. மங்கிய கண்ணுள்ள குழந்தைப் பொம்மை நமக்கு வெறும் குறைபட்ட பொம்மையாகத் தோன்றுவதில்லை, மற்றொன்றையே நினைவூட்டுகின்றது.

இப்பொம்மைகளை வாங்குவோர் யாவரும் அழகுப்பொருள் சேர்ப்போர் அல்லர். குழந்தையை இழந்த தாய்மார் சிலர் தம் மடியின் வெறுமையைச் சிறிது தணிக்க இவற்றை நாடுகின்றனர். மேலைநாடுகளின் முதியோர் இல்லங்கள் சிலவற்றில், நினைவிழந்து அலைக்கழியும் மூதாட்டிமாரின் கையிலே பொம்மைக் குழந்தையைக் கொடுத்து அவர்தம் மனத்தை அமைதிப்படுத்த முயல்கின்றனர். இது ஆறுதலா, ஏமாற்றா என்று அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது. எளிதில் தீர்ப்புக் கூறத்தக்க வழக்கன்று அது. எனினும் ஒன்று உறுதி. துயருற்ற தாயின் கையிலே மங்கிய கண்ணுள்ள பொம்மையைக் கொடுத்தல் ஆறுதலாகாது; ஆறாப் புண்ணைக் கீறுதலேயாம். கீழிமை விளிம்பில் இடும் ஒரு நூலிழை மெருகு அவ்வளவு பொறுப்புடையது. இதனை உணர்ந்த கைவினைஞர் பலர், உறங்குங் குழந்தையாகவே செய்து அமைதி கொள்கின்றனர். அதுவும் ஓர் அறிவுடைமையே.

சிங்களச் சிற்பிகள் புத்தர் சிலைக்குக் கண்ணெழுதுவதை இறுதி வேலையாக வைத்து, நேர்முகமாக நோக்காது ஆடியிற் பார்த்து எழுதும் மரபினை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே விரித்துரைத்தார். வழிபாட்டுக்குரிய திருவுருவத்தையும் மடியில் வைக்கும் பொம்மையையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது. ஆயினும், செய்த உருவம் நம்மை நோக்கத் தொடங்கும் கணம் விளையாட்டன்று என்னும் உணர்வு இரண்டிற்கும் பொதுவானது.

பொம்மையின் கண் ஒன்றையும் காண்பதில்லை. அதன் கருமணியிலே தெரிவது அதனை எடுத்தணைப்பவரின் உருவமே. அவ்வுருவம் சிதையாது தெளிவாகத் தோன்றுமாறு செய்து, அவ்விடத்திலே தூரிகையைக் கீழே வைத்துவிடுதல் கைவினைஞனின் கடமை. அதற்குமேல் அக்கண்ணுக்கு உயிர் கொடுக்கும் பொறுப்பு, நோக்குபவரின் நெஞ்சத்தையே சார்ந்தது.