பிணியின்மையும் இறப்புக் கணக்கும்: ஊவா மலைநாட்டை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

ஒரு நாட்டுக்கு அணிகலனாவன ஐந்தென வகுத்த திருவள்ளுவர், அவற்றுள் பிணியின்மையை முதலிலும் செல்வத்தை அதற்கு அடுத்தும் வைத்தார். செல்வம் பெருகிய பின்னரே நோய் அகலும் என்பது உலகம் பொதுவாகக் கொண்ட கருத்து. செல்வத்திற் சிறுத்திருந்தும் உடல்நலத்திற் சிறந்து விளங்கலாம் என்பதற்குச் சான்றாக எடுத்துரைக்கப்படும் நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிதியம், குறைந்த செலவில் நல்ல உடல்நலம் பெறுதலைப் பற்றி வெளியிட்ட நூலில், சீனம், கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையும் இடம் பெற்றது. ஆயின், நலம் பெற்ற நாடு எனப் பெயரெடுத்த நாட்டில் வாழ்வோர் அனைவரும் அந்நலத்தை ஒப்பப் பெற்றனரா என்பது வேறு வினா. அதற்கு விடை காண்பதற்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் தக்க இடமாகும்.

முதற்கண் இறப்புவீதம் என்பது யாது என அறிதல் வேண்டும். ஓராண்டில் ஆயிரம் மக்களுள் எத்தனை பேர் இறந்தனர் என்னும் எண்ணே பொது இறப்புவீதம் எனப்படும். இவ்வெண் ஒன்றையே கொண்டு நாட்டின் நலத்தை அளப்பது பிழைபடும். ஆயிரம் பேர் கொண்ட இரண்டு ஊர்களை மனத்திற் கொள்க. ஓரூரில் ஓராண்டில் பன்னிருவர் இறந்தனர். அனைவரும் எழுபத்தைந்து வயது கடந்தவர். மற்றையதில் எண்மர் இறந்தனர். அவருள் நால்வர் பால்குடி மாறாத சிசுக்கள். வீதத்தை மட்டும் நோக்கின் இரண்டாவது ஊரே நலமுடையதாகத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மரணம் எங்கும் உண்டு. எவ்வயதில், எந்நோயால், எவர் இறக்கின்றனர் என்பதே நலமுள்ள நாட்டையும் நலமற்ற நாட்டையும் வேறுபடுத்துவது.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டு முதல் சட்டப்படி நடைபெற்று வருகின்றமையால், இம்மாற்றத்தை நெடுங்காலத்துக்குப் பின்னோக்கிக் காணல் கூடும். 1934 ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்கின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935 ஆம் ஆண்டிலும் பரவிய காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1935 இல் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 முதலாண்டு நிறையுமுன்னரே மாண்டன.

பதினோராண்டுகளின் பின் வரலாற்றிற் காண்டற்கரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்புவீதம் 1947 இல் 14 ஆகக் குறைந்தது. சிசு மரணம் 141 இலிருந்து 101 ஆயிற்று. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியை வீடுதோறும் தெளித்தமையே இதற்குக் காரணம் என்று பலர் கூறினர். ஆயின், மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் அவ்வாண்டில் இறப்புக் குறைந்தமையை ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டினர். கிராமந்தோறும் வைத்தியசாலைகள் திறக்கப்பட்டமை, பயிற்சி பெற்ற மருத்துவிச்சியர் வீடுதேடிச் சென்றமை, பங்கீட்டு அரிசி, 1945 இல் வந்த இலவசக் கல்வி ஆகிய யாவும் அடுத்து வந்த ஆண்டுகளில் இவ்வீழ்ச்சியை நிலைபெறச் செய்தன. 1946 இல் ஓரிலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 1,500 தாய்மாருக்கு மேல் இறந்தனர். இன்று அத்தொகை முப்பதின் அளவில் உள்ளது. ஏனைய பல நாடுகளுக்கு மாறாக, முன்னர் இலங்கையில் பெண்கள் ஆண்களிலும் குறைந்த ஆயுளே பெற்றிருந்தனர். 1960களிலேதான் அந்நிலை மாறிப் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை விஞ்சிற்று.

இனி ஊவாவை நோக்குவோம். நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி போன்ற உயர்நிலத் தோட்டங்களை மலேரியா நுளம்பு பெரிதும் எட்டியதில்லை. அதே பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமாகிய மகியங்கனைப் பகுதியோ மலேரியாவின் உறைவிடமாய் இருந்தது. நுளம்பு எட்டாத மலையில் நுளம்புமருந்து செய்யத்தக்கது சிறிதே. அங்கே உயிர் குடித்தவை வேறு: வயிற்றுளைவு, கழிச்சல், சுவாச நோய், இரத்தசோகை, பிறவியிலேயே நலிந்த சிசுக்களின் மரணம்.

இவை தனித்தனி நோய்கள் போலத் தோன்றினும் ஒரு சங்கிலியின் கண்ணிகளே. லயன் அறைகளைச் சுற்றியுள்ள நிலம் மலசலகூடமின்மையால் மாசுபடும். அம்மண்ணில் வளரும் கொழுக்கிப்புழுவின் குஞ்சு, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தங் குன்றிய தாய் பேற்றுக்காலத்தில் சிறிது குருதிப்பெருக்கையும் தாங்காள். அவள் ஈனும் பிள்ளையும் எடை குறைந்து பிறக்கும். எடை குறைந்த சிசு குளிரும் ஈரமும் புகையும் நிறைந்த ஒற்றை அறையில் சளிச்சுரத்துக்கு எளிதில் இரையாகும். இறப்புப் பதிவேட்டில் சளிச்சுரம் என்றே எழுதப்படும். காலணியும் கழிப்பிடமும் அதில் எழுதப்படுவதில்லை.

தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் தோட்டங்கள் கவனித்தல் வேண்டும் என 1872 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கமும் 1916 ஆம் ஆண்டளவில் தோட்டங்களிலேயே தொடங்கிற்று. எனினும், தோட்ட வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் கையிலும் நாட்டு வைத்தியம் அரசின் கையிலுமாகப் பிரிந்து நின்றன. கிராமத்தில் வீடுதோறும் சென்ற அரசாங்க மருத்துவிச்சி தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டாள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கில்லாதவரின் தேவையைக் கேட்பார் இலர். தோட்டப் பாடசாலைகளும் 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வரலாயின. எழுத்தறிந்த தாயின் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது எந்நாட்டிலும் கண்ட உண்மையாதலின், இத்தாமதம் உயிர்களால் ஈடுசெய்யப்பட்ட தாமதமாகும்.

1974 ஆம் ஆண்டு இதனை வெளிப்படக் காட்டிற்று. உலகெங்கும் உணவின் விலை ஏறியது. நாட்டிற் பங்கீடு குறைந்தது. கிராமத்தவர்க்குக் காணித்துண்டேனும் இருந்தது. லயத்தில் வாழ்வோர்க்கோ மரவள்ளி நடுதற்கும் சொந்த நிலம் இல்லை. நாடு முழுவதிலும் சிசு மரணம் ஆயிரத்துக்கு 51 ஆக இருந்த அவ்வாண்டில் தோட்டங்களில் அது நூறைக் கடந்தது. நாட்டின் சராசரி தோட்டத்தின் துயரை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர்த் தாய்சேய் நலப்பணிகள் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தமையால் இவ்வேறுபாடு பெரிதும் சுருங்கியது. எனினும் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நாட்டில் நூற்றுக்கு 17 ஆகவும் தோட்டங்களில் ஏறத்தாழ 32 ஆகவும் காணப்பட்டனர். சாவு விலகிற்று, பசியின் தழும்பு விலகவில்லை.

இன்று இலங்கையில் மரணத்தின் முகமே மாறிவிட்டது. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. இப்போது நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் விளைவன. அவற்றுள் இதய நாடி அடைப்பே தலையாயது. பாரிசவாதம், புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட சுவாச நோய் என்பனவும் முன்னிற்கின்றன. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேலாயினர். முதியோர் பெருகப் பெருகப் பொது இறப்புவீதமும் ஏறும். அதனை நோய் பெருகிற்று என்று கொள்ளல் ஆகாது.

இப்புதிய பட்டியலையும் ஊவா தன் நிலத்துக்கேற்ப எழுதுகின்றது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. அதனை விளைக்கும் புகையிலையோடு கூடிய வெற்றிலை, குளிரிலும் களைப்பிலும் வேலை செய்யும் தோட்ட மக்களின் நாளாந்தத் துணையாய் உள்ளது. கிராந்துருக்கோட்டை, மகியங்கனைப் பகுதிகளின் நெற்செய்கையாளரைக் காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் வாட்டுகின்றது. கொழுந்து பறிப்போர் குளவிக்கொட்டால் மடிவதும் உண்டு. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணோடு மூடியது. நோயால் அன்றி இருப்பிடத்தால் வந்த மரணம் அது.

எனவே, தலையாய மரண காரணங்களின் பட்டியலை வாசிப்போர் அதன் ஓரத்தில் எழுதப்படாத வினாக்களையும் வாசித்தல் வேண்டும். இம்மரணம் எவ்வயதில் நேர்ந்தது? எவ்வீட்டில் நேர்ந்தது? தடுத்திருத்தல் கூடுமா? இலங்கை, செல்வம் வருமுன்னரே பிணியை அகற்றலாம் என உலகுக்குக் காட்டியது. அது மெய்யான பெருமை. அப்பெருமை பிறந்தது மருத்துவிச்சியின் காலடியிலும் பாடசாலையின் படிக்கட்டிலுமே. அவை தோட்டத்து எல்லையில் நின்ற காலமெல்லாம் அப்பெருமையும் அங்கேயே நின்றது. மலையுச்சியின் கடைசி லயத்துக்கும் அவை ஒப்பச் செல்லும் நாளிலேதான் வள்ளுவர் முதலில் வைத்த அணியை இந்நாடு முழுமையாய் அணிந்ததாகும். கணக்கைக் கற்கும் மாணவரும் கற்பிக்கும் ஆசிரியரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.