அலோகாவின் முட்டி

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் தெருவில் பின்கால் ஒன்றை ஊன்றாமல் நொண்டும் நாய் ஒன்று இருக்கிறதாம். டெக்சாஸில் இருக்கும் சித்தி மகள் அதைத் தத்தெடுத்துத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாராம். "அலோகாவுக்குச் சரிசெய்தார்களே, இதையும் அங்கே அனுப்பினால் சரியாகிவிடுமா? அறுந்த ஜவ்வை எப்படி ஒட்டவைக்கிறார்கள்?"

ஒட்டவைப்பதே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அலோகாவைத் தெரியாதவர்களுக்கு: கொல்கத்தாத் தெருநாய். இந்தியாவில் நடைப்பயணம் வந்த பௌத்தத் துறவிகளின் பின்னால் நடக்க ஆரம்பித்து, விடாமல் கூடவே போனது. பிறகு அவர்களோடு அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. 2025 அக்டோபர் 26 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து பிக்கு பன்னாகாரா தலைமையில் துறவிகள் வாஷிங்டனுக்கு அமைதி நடை கிளம்பினார்கள். சுமார் 2,300 மைல். அலோகாவும் கூட நடந்தது. நெற்றியில் இதய வடிவில் வெள்ளை மச்சம் இருப்பதால் சமூக ஊடகங்களில் அதற்குத் தனி மவுசு. 2026 ஜனவரியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அதன் பின்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கோளாறு, முழங்காலின் சிலுவை ஜவ்வு.

முன்பிறவித் தொடர்பு, அமைதியை உணர்ந்த நாய் என்றெல்லாம் எழுதிக் குவித்துவிட்டார்கள். தெருநாய் ஒன்று அறியாதவர் பின்னால் போவதற்குப் பூர்வஜென்மம் தேவையில்லை. கொல்கத்தா ஐசர் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல வருடங்களாகத் தெருநாய்களையே ஆராய்கிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பின் தெரியாத மனிதரிடம் தெருநாய்க்கு நம்பிக்கை வளர்வது, மறுபடி மறுபடி சோறு போடுவதைவிடத் தடவிக்கொடுப்பதால்தான். அன்பாகத் தொட்ட ஆளைப் பின்தொடர்வது அதன் சுபாவம். விஷயம் அலோகாவின் முட்டியில் இருக்கிறது.

நாயின் பின்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது. நாம் நிற்கும்போது முழங்காலை நேராக்கிப் பூட்டிக்கொள்கிறோம். நாய் நிற்கும்போதும் முட்டி மடங்கித்தான் இருக்கும். இதோடு இன்னொரு சிக்கல்: கணுக்காலுக்கு மேலுள்ள கீழெலும்பின் உச்சி, அதாவது தொடையெலும்பு உட்காரும் மேடை, நாய்க்குப் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. சராசரியாக 24, 25 டிகிரி. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் தொடையெலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது. கீழெலும்பு முன்னால் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தடுத்து நிறுத்துவது முன் சிலுவை ஜவ்வு. கிரிக்கெட், கபடி வீரர்களுக்குக் கிழிந்தால் விளையாட்டுப் பக்கத்தில் செய்தியாகிறதே, அதே ஜவ்வுதான்.

தெருவோரச் சரிவில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது என்று வையுங்கள். உருண்டு ஓடாமலிருக்க விளக்குக் கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார் இஸ்திரிக்காரர். துணிமூட்டை ஏற ஏறக் கயிறு விறைக்கும். காலை முதல் இரவு வரை விறைப்பதும் தளர்வதுமாகவே இருந்தால் அது ஒருநாள் நார்நாராகப் பிரியும். போதாததற்குச் சக்கரத்தின் அடியில் அரைச் செங்கல் ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுதான் அந்தச் செங்கல். கயிறு அறுந்ததும் வண்டி செங்கல் மேல் ஏறி அதை நொறுக்கிவிடும். ஜவ்வு அறுந்த நாய்களுக்கு வலி திடீரெனக் கூடுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

இப்போது என்ன செய்யலாம்? யாருக்கும் முதலில் தோன்றுவது வேறு கயிறு கட்டுவதுதான். மனிதர்களுக்கு அப்படித்தான் செய்கிறோம்: உடம்பில் வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். நாய்களுக்கும் மூட்டுக்கு வெளியே நைலான் இழை போட்டு இறுக்கும் முறை உண்டு. தூண்டில் நரம்பு வகையைச் சேர்ந்த இழை அது. ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது, துணிமூட்டை அப்படியே இருக்கிறது. புதுக் கயிறும் நாளடைவில் தளரும். அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு கெட்டிப்பட்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வைத்தியமே நடக்கிறது.

இன்னொரு வழி, கயிற்றை மறந்துவிட்டுச் சாலையைச் சமமாக்குவது.

இதைத்தான் செய்கிறார்கள். கீழெலும்பின் தலைப்பகுதியை அரைவட்ட வாளால் வளைவாக அறுத்து, அறுத்த துண்டைச் சுழற்றிச் சரிவைச் சுமார் 5 டிகிரிக்குக் கொண்டுவந்து, உலோகத் தகடும் திருகும் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். வாள் ஏன் வளைந்திருக்க வேண்டும்? நேராக அறுத்துச் சாய்த்தால் ஒரு பக்கம் இடைவெளி விழும். வட்ட வளைவில் அறுத்தால் எவ்வளவு சுழற்றினாலும் எலும்பும் எலும்பும் ஒட்டியே இருக்கும், சீக்கிரம் கூடும். கணக்கும் பள்ளிக்கூடக் கணக்குதான். 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள வாள், 24 டிகிரிச் சரிவு. அதை 5 ஆக்கத் துண்டை நகர்த்த வேண்டியது சுமார் 8 மில்லிமீட்டர். அறுப்பதற்கு முன்பே எக்ஸ்ரே படத்தில் கோணத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து, எலும்பில் இரண்டு கோடு குறித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு கோடும் நேருக்கு நேர் வந்தால் வேலை முடிந்தது. நொண்டும் நாய்க்கும் ஓடும் நாய்க்கும் இடையில் சுண்டுவிரல் நக அகலம்!

சரி, முழுக்கச் சமமாக்கினால் என்ன, 5 எதற்கு? வண்டிக்கு மறுபக்கமும் ஒரு கயிறு உண்டு. அது பின் சிலுவை ஜவ்வு. அளவுக்கு மீறிச் சாய்த்தால் வண்டி எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும், நல்லபடியாக இருந்த கயிறு இழுபடும். மாநகராட்சி ஒப்பந்ததாரர் போட்ட சாலையில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கால்நடை மருத்துவர் அப்படி விட முடியாது. இஸ்திரிக்காரரும் சும்மா நிற்பதில்லை, ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் தேய்க்கிறார். தொடையின் பின்தசைகள் செய்வது அந்த வேலை. நாள்பட்ட நொண்டலில் அந்தத் தசை சூம்பிப்போயிருந்தால் சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி ஆடத்தான் ஆடும். உவமையை இத்தோடு விட்டுவிடுகிறேன், மனிதருக்குத் துணி பாக்கி இருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்குப் பிறகு வருவதுதான். ஜவ்வு அறுந்ததா என்று பார்க்க மருத்துவர்கள் ஒரு கையால் தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழெலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். டிராயர் சோதனை என்று அதற்குப் பெயர். ஜவ்வு போயிருந்தால் எலும்பு வழுக்கி முன்னால் வரும். அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்த நாயின் முட்டியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கி வரும்! உள்ளே எதுவும் ஒட்டவில்லை, எதுவும் கட்டப்படவில்லை. படுத்திருக்கும் நாய்க்கு முட்டி தளர்ந்தே இருக்கிறது. எழுந்து எடையைப் போட்ட நொடியில் உறுதியாகிவிடுகிறது. நோயைத் தீர்க்காமல், நோய்க்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள்.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். ஜவ்வுக்குப் பதில் ஜவ்வு என்ற வழியை 1952இல் ஃபின்லாந்தின் சாக்கி பாட்சாமா முறைப்படுத்தினார். எலும்பைச் சுழற்றும் யோசனை அமெரிக்காவின் பார்க்ளே ஸ்லோகமுடையது. 1993இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது.

இனி சந்தேகங்கள். அலோகாவின் ஜவ்வு நடந்து நடந்தே தேய்ந்தது என்று பலர் எழுதினார்கள். அப்படி முடிவு கட்டுவதற்கில்லை. நாய்களுக்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. உள்ளேயே மெல்ல நைந்து ஒருநாள் பிரிகிறது. ஒரு காலில் அறுந்த நாய்களில் பாதிக்கு அடுத்த காலிலும் பிற்பாடு அறுகிறது. கூண்டை விட்டு நகராத செல்ல நாய்களுக்கும் இதே கதிதான். எல்லா நாய்க்கும் கத்தி தேவை என்பதும் இல்லை. 1984இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 15 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் பெரும்பாலானவை ஓய்வினாலேயே ஆறு மாதத்தில் தேறியிருந்தன. அதற்கு மேற்பட்ட எடையில் ஐந்தில் ஒன்றுதான் தேறியது. நம் தெருநாய்கள் பல அந்தக் கோட்டின் மேலேயே நிற்கின்றன. ஆகவே வாசகி முதலில் செய்ய வேண்டியது நாயை எடைபோடுவது. ஸ்டெம் செல், லேசர் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பர்ஸைத் திறக்க வேண்டாம். முழுக்க அறுந்த ஜவ்வை ஒட்டவைக்கும் ஊசி எதுவும் இன்னும் வரவில்லை.

இனி அமெரிக்காவுக்கு அனுப்பும் விஷயம். இந்தியா அந்நாட்டுப் பட்டியலில் நாய்வழி ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடு. 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் இறுகிவிட்டன. நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதன் பிறகே தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புப்புரதம் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதாகக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 28 நாள் கழித்துத்தான் அங்கே இறங்கலாம். ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் அங்கே போய் 28 நாள் தனிமைக் காவல். ஊசி வேலை செய்கிறது என்பதற்குத்தான் ரத்தம் சாட்சி. ஊசிக்கு முன்பே வைரஸ் உள்ளே புகுந்திருந்தால் அது ரத்தத்தில் தெரியாது. காத்திருப்பது அதற்காகவும்தான்.

இந்தக் கெடுபிடியைக் குறை சொல்பவர்கள் 2021ஐ நினைத்துக்கொள்ளட்டும். அஜர்பைஜானிலிருந்து மீட்பு நாய்கள் என்று சொல்லி அமெரிக்காவுக்குப் பறந்த 33 நாய்களில் ஒன்று ரேபிஸோடு வந்து சேர்ந்தது, கையில் தடுப்பூசிச் சான்றிதழோடு. கனடா இன்னும் ஒரு படி மேலே போய், 2022 செப்டம்பர் 28 முதல் இந்தியா உள்ளிட்ட அபாய நாடுகளிலிருந்து தத்துக்கொடுப்பதற்காக நாய் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டது. அங்கே உறவுக்காரர் இருக்கிறார் என்று யாராவது பணம் கேட்டால் உஷார்.

நாய் தூக்கிப்போவதைத் தொண்டாகப் போற்றும் காணொலிகளைப் பார்க்கும்போது எனக்கு அதே ஐசர் குழுவின் 2016 கணக்கு நினைவுக்கு வந்துவிடும். அவர்கள் பின்தொடர்ந்த 364 தெருநாய்க் குட்டிகளில் ஏழு மாதம் வரை தப்பியவை 19 சதவீதம்தான். சாவுகளில் 63 சதவீதத்தில் மனிதர் கை இருந்தது. ஒரு நாயை விமானத்தில் ஏற்றும் செலவில் ஒரு வட்டாரத்துக்கே கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் தத்தெடுப்பவர் அந்த வட்டாரத்துக்குப் பணம் அனுப்பமாட்டார், அந்த ஒரு நாய்க்குத்தான் அனுப்புவார். அதையும் குறை சொல்ல முடியாது.

வாசகியின் கேள்விக்கு வருவோம். இந்த அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா வேண்டாம், இந்தியப் பெருநகரங்களிலேயே செய்கிறார்கள். எலும்பு கூட எட்டு வாரமாவது ஆகும். அதுவரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, மாடிப்படி கூடாது, சிறுநீர் கழிக்கக்கூடப் பட்டை போட்டுப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். மறுநாளே தெருவில் விட்டால், பக்கத்துத் தெரு நாய் ஒன்று குரைத்தால் போதும், தகடு பிடுங்கிக்கொள்ளும். தெருநாய்க்குக் கிடைக்காத மருந்து இந்த இரண்டு மாத அடக்கம்தான். அலோகாவுக்கு அது கிடைத்தது.

ஊசிக்கும் ரத்தத்துக்கும் நடுவே 30, ரத்தத்துக்கும் விமானத்துக்கும் நடுவே 28. மொத்தம் 58 நாள். எலும்பு கூட எட்டு வாரம் என்பது 56 நாள். எப்படியும் இந்தக் காலத்தை நாய் கொல்கத்தாவில்தான் கழிக்கப்போகிறது. ஆகவே சித்தி மகள் டிக்கெட்டுக்கு எடுத்துவைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, நொண்டலுக்குக் காரணம் ஜவ்வா, இடுப்பா, முதுகுத்தண்டா என்று உறுதி செய்யுங்கள். முதுகுத்தண்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. முட்டிதான் என்றால், வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, வழுக்காமலிருக்கத் தரையில் பழைய சாக்கை விரியுங்கள்.