பட்டினப்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு

1985இல் சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் வக்கீல் என்றால் சங்கத்து வக்கீல்தான். தனக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளும் வசதி பட்டினப்பாக்கத்தில் வலை இழுக்கிறவருக்கும் கிடையாது, கூடையில் மீன் விற்கிறவருக்கும் கிடையாது. குடிசையைப் பிரிக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் ஊர் கூடும். தொழிற்சங்கத்தில் பழக்கமுள்ள யாராவது ஐகோர்ட் இருக்கும் பாரிமுனைக்கு ஓடுவார். இப்படிப்பட்டவர்களுக்காகத் திறந்திருந்த கதவுகளில் ஒன்று ‘ராவ் அண்டு ரெட்டி’. உச்ச நீதிமன்றம் வரை போய் 1952இல் சென்னை மாநில அரசைத் தோற்கடித்த வி.ஜி. ராவின் அலுவலகம் அது. கே. சந்துரு எட்டு வருஷம் தொழில் பழகியது அங்கேதான்.

சென்னைக் குடிசைவாசிகளை வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் மனுதாரரும் அந்தச் சந்துருதான். 1985 ஜூலை 10 அன்று, பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பு வந்த அதே நாளில், இதிலும் தீர்ப்பு வந்தது. மாற்று இடம் தராமல் அப்புறப்படுத்த மாட்டோம் என்று தமிழக அரசு சொன்னதை நீதிமன்றம் ஏற்றுப் பதிவுசெய்தது. அந்த வாக்கு என்ன ஆனது என்று கேட்பவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போய்ப் பார்க்கலாம். மாற்று இடம் கிடைத்தது. கடலும் பார்த்த வேலையும் எட்டாத தூரத்தில்.

அந்த வழக்கில் எந்தக் குடிசைக்காரரும் தனியாக நின்று தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொதுநல மனு என்பதால் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகச் சந்துரு நின்றார். பயமும் செலவும் பகிர்ந்துகொள்ளப்பட்டன. இன்றைய நிலையோடு ஒப்பிடும்போது இதுதான் பெரிய வித்தியாசமாக எனக்குப் படுகிறது.

பக்கத்திலேயே இன்னொரு உலகமும் இருந்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில்தான் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வீடு. அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்தவர். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை தங்களைப் பாகுபடுத்துகிறது என்று செண்பகம் துரைராஜனும் சீனிவாசனும் 1950இல் வழக்குப் போட்டபோது, சீனிவாசனுக்காக வாதாடியவர் அவரே. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது, தமிழகம் கொந்தளித்தது, அதே வருஷம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சமத்துவப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தவுடன் அவற்றைக் கையில் எடுக்க முடிந்தது பெரிய வக்கீலின் வாசற்படி ஏறத் தெரிந்தவர்களால்தான். குப்பத்துக்கு அந்தப் படி எட்ட இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இன்று அடி தனித்தனியாக விழுகிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்கிறார்கள். காது கேளாத பையனை இன்டர்வியூவில் உட்கார வைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பெயரையும் சாப்பாட்டையும் விசாரிக்கிறார்கள். கண்ணகி நகர் என்று முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்பது அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் வேதனை. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் வசிப்பிடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் தனியார் முதலாளி முகவரியைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கினால் பிடித்துக் கேட்க நேரான சட்டம் இல்லை. எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர சசி தரூர் தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் வைத்தார், அது சட்டமாகவில்லை.

அதனால்தான் ‘பாகுபாட்டு வழக்கறிஞர்’ என்று எந்த போர்டும் வக்கீல் அலுவலகங்கள் நிறைந்த தம்புச் செட்டித் தெருவில் தொங்குவதில்லை. வேலை பறிபோனால் லேபர் வக்கீல், அரசுத் தேர்வில் ஒதுக்கப்பட்டால் சர்வீஸ் வழக்குப் பார்ப்பவர், சாதியைச் சொல்லித் திட்டினாலோ அடித்தாலோ கிரிமினல் பக்கம். நல்ல வக்கீல் முதலில் கேட்பது, ‘எதிராளி கவர்ன்மென்ட்டா, பிரைவேட்டாம்மா?’ என்றுதான். அரசு என்றால் ஐகோர்ட்டில் ரிட் போடலாம். தனியார் என்றால் பெரும்பாலும் வேறு வழிதான் தேட வேண்டும். இதைக் கேட்காமலேயே ‘கேஸ் போட்டுடலாம், ஜெயிச்சுடலாம்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

தேடும் வழியும் மாறியிருக்கிறது. அன்று தோழர் கைகாட்டினார். இன்று கூகுள் காட்டுகிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி தடை போட்டிருந்தும், காசு வாங்கிக்கொண்டு வக்கீல்களுக்கு நட்சத்திரக் குறி போடும் இணையதளங்கள் பெருகின. இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நட்சத்திரத்தை நம்புவதைவிட, இதே மாதிரி வழக்கு நடத்திய ஒருவரை விசாரித்துப் போவதுதான் இன்றும் உருப்படியான வழி என்பேன்.

காசில்லாதவர் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் வருஷச் சட்டம். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால், அவருக்காக மூத்த வழக்கறிஞர் ஒருவரைக் கலெக்டர் அமர்த்த விதியே இடம் தருகிறது. இது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன! வக்கீலே தேவைப்படாத கதவுகளும் உண்டு. அரசு ஊழியர் மீதான புகாருக்கு கிரீன்வேஸ் சாலையில் மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு காமராஜர் சாலையில் தனி ஆணையர். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் புகார்க் குழுவுக்கு எழுத வேண்டும். வக்கீலைத் தேடி முடிப்பதற்குள் இந்தக் கெடு ஓடிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

வக்கீலோடு சேர்ந்து நடப்பது எப்படி என்பதற்கு பிரித்திகா யாஷினியின் வழக்கைப் பார்க்கலாம். சேலத்தைச் சேர்ந்த திருநங்கை. சப் இன்ஸ்பெக்டர் தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற கட்டங்கள் மட்டுமே இருந்தன; அவருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது. வழக்கறிஞர் பவானி சுப்பராயன் ஒரே மனுவோடு நிற்கவில்லை. எழுத்துத் தேர்வுக்கு ஓர் உத்தரவு, உடல்தகுதித் தேர்வுக்கு ஓர் உத்தரவு என்று தடை வந்த இடத்திலெல்லாம் கோர்ட்டுக்குப் போனார். 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடி சொச்சம் தாமதம் என்று அதற்கும் ஒரு தடை வந்தது. 2015 நவம்பரில் தீர்ப்பு. 2017இல் பிரித்திகா காக்கி உடுத்தினார். அதே 2017இல் பவானி சுப்பராயன் உயர் நீதிமன்ற நீதிபதியானார். இருவரும் ஒவ்வொரு கட்டத்திலும் பேசிக்கொண்டே இருந்தாலொழிய இப்படி ஒரு வழக்கு கரை சேராது.

அன்று வாய்தா தேதி வக்கீல் குமாஸ்தா வாயிலிருந்துதான் வர வேண்டும். இன்று வழக்கு பதிவாகும்போது கிடைக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போனில் தட்டினால் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே அந்த எண் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். ஃபீஸ் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் என்பதையும் கேளுங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேரம் பேச வக்கீலுக்கு அனுமதியில்லை. மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். அது சாட்சியாக நிற்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். செய்தி வந்த போனும் கையில் இருப்பது நல்லது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, யார் பக்கத்தில் இருந்தது என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். வக்கீலின் ஜூனியர் மனு எழுத உட்காரும்போது அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்.

அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பூம்பொழில் வளாகம் தினகரன் சாலையில், பட்டினப்பாக்கத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மாணவர்களும் ஒரு வக்கீலும் வாரத்தில் ஒரு மாலை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும். கெடு முடிவதற்குள் யார் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்ல அதற்கு மேல் ஆள்பலம் தேவையில்லை. அதைப் பல்கலைக்கழகம் இந்த வருஷமே தொடங்க வேண்டும்.