கல்லாவுக்கும் ஓய்வு வேண்டும்

காலை 6 மணிக்குக் கடை திறக்கிறோம். இரவு 10 மணிக்கு அடைக்கிறோம். வாரத்துக்கு 112 மணி நேரம் கல்லாவிலேயே கழிகிறது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி பணியாளருக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தருகிறோம். நமக்கு? பிள்ளைகளுக்காகத்தான் உழைக்கிறோம் என்கிறோம். பையன் எந்த வகுப்பு என்று யாரேனும் கேட்டால் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கிறோம்.

10 பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-இல் அரசு அனுமதித்தது. அங்கே ஷிப்டுக்கு ஆள் மாறுகிறார்கள். நம் கடையில் மாற்று ஆள் ஏது? நேரத்தில் போட்டி போட்டால் தேய்வது நம் உடம்புதான்.

மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைக்கிறோம். வாடிக்கையாளர் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார். மறுநாள் நம்மிடமே வருகிறார். அதுபோல ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு அடைப்பதாகப் பலகை எழுதி வைப்போம். குறைவது 8 மணி நேரமே. தெருவிலுள்ள கடைக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகுமே என்ற பயமும் இல்லை.

சரக்கு தீர்ந்தால் மண்டியில் பிடிக்கலாம். பிள்ளையின் சிறு வயது தீர்ந்தால் எந்த மண்டியிலும் கிடைக்காது. வரும் ஞாயிறே தொடங்குவோம்!