சின்னம்மையும் உங்கள் உடலின் முதல்நிலைக் காவலர்களும்

சின்னம்மைக் கிருமி உடலுக்குள் நுழைந்து 10 முதல் 21 நாள்களுக்குப் பிறகே கொப்புளங்கள் தோன்றும். ஆனால் உடல் அதற்கு முன்பே போராடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் போராட்டத்தில் 'இயற்கைக் கொல்லி உயிரணுக்கள்' முக்கியப் பங்கு வகிக்கின்றன.

இவை யாவை?

இவை ஒரு வகை வெள்ளை இரத்த அணுக்கள். மற்றத் தற்காப்பு உயிரணுக்கள் புதிய கிருமியை அறிந்து பெருகுவதற்குப் பல நாள்கள் ஆகும். இவை முன்பயிற்சி இன்றியே செயல்படக்கூடியவை.

பாதிக்கப்பட்ட உயிரணுவை எப்படி அறிகின்றன?

நலமான உயிரணுக்களின் மேற்பரப்பில் அடையாள அட்டை போன்ற ஒரு புரதம் இருக்கும். அதைக் கண்டால் கொல்லி உயிரணு விலகிச் செல்லும். சின்னம்மைக் கிருமி, மற்றத் தற்காப்பு உயிரணுக்களிடம் பிடிபடாமலிருக்க அந்த அடையாளத்தைக் குறைத்துவிடுகிறது. அடையாளம் குறைந்து, பாதிப்பின் அறிகுறிகளும் தென்பட்டால், கொல்லி உயிரணு தாக்கத் தொடங்கும்.

எப்படி அழிக்கின்றன?

• பாதிக்கப்பட்ட உயிரணுவோடு இறுக ஒட்டிக்கொள்கின்றன.
• 'பர்ஃபோரின்' என்னும் புரதத்தைச் செலுத்தி, அதன் உறையில் துளையிடுகின்றன.
• 'கிரான்சைம்' என்னும் நொதிகள் உள்ளே சென்று, அந்த உயிரணு தானாகவே அழியும்படி தூண்டுகின்றன.

அழியும் உயிரணு சிறு துண்டுகளாகச் சிதையும்; மற்ற அணுக்கள் அவற்றை விழுங்கி அகற்றும். இதனால் அருகிலுள்ள உயிரணுக்களுக்குப் பாதிப்பு குறைவு.

இவை மட்டும் போதுமா?

போதாது. இந்த உயிரணுக்கள் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். புற்றுநோய் சிகிச்சையும், உறுப்பு மாற்றத்திற்குப் பின் உட்கொள்ளும் மருந்துகளும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விற்கப்படும் பானங்களும் மாத்திரைகளும் தடுப்பூசிக்கு ஈடாகமாட்டா.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உங்கள் பிள்ளை சின்னம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டதை உறுதிசெய்யுங்கள்.
• கர்ப்பிணிகளும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் இத்தடுப்பூசியைப் பொதுவாகப் போட்டுக்கொள்ளக்கூடாது. அவர்களுடன் வசிப்பவர்கள் போட்டுக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும்.
• இவர்கள் சின்னம்மை கண்டவருடன் பழக நேர்ந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.
• சின்னம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.
• மூச்சுத்திணறல், குழப்பம், தொடர் வாந்தி ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.