காட்டுவழி காக்கும் இளைஞர்

மனிதர் பலகாலும் நடந்துவந்தால் நிலத்திலே ஒரு வழி உண்டாகும்; நடப்பதை அவர்கள் நிறுத்திவிட்டால் காடு அவ்வழியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இவ்வுண்மையை வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்வோர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஒரு மாரி முழுவதும் ஆள் நடமாட்டமின்றிக் கிடந்த வண்டிற்பாதையிலே அடுத்த கோடையில் வண்டில் செல்லுதல் அரிது. ஈச்சம்பற்றையும் சூரைமுள்ளும் இரு மருங்கிலும் நெருங்கி நிற்கும். நடுவிலே மழைநீர் அறுத்த பள்ளம் கிடக்கும். ஆகவே, வழியை அமைத்தல் ஒருமுறை செய்யும் வேலையாயினும், அதனைக் காத்தல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையாகும். அவ்வேலையிலே பாடசாலை விடுமுறையில் உள்ள பதின்மவயதினரை ஈடுபடுத்துவது சில நாடுகளில் வேரூன்றிய வழக்கம். அவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, வன்னி மண்ணுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும், பொருந்துவதற்கு எவை முன்னர் நிறைவேறவேண்டும் என்பன ஆராயத்தக்கவை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1929 ஆம் ஆண்டுக்குப் பின் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியினால் இலட்சக்கணக்கான வாலிபர் வேலையின்றித் திரிந்தனர். 1933 ஆம் ஆண்டில் பதவியேற்ற சனாதிபதி றூஸ்வெல்ட், அவர்களைக் காடுகளிலும் பூங்காக்களிலும் வேலைக்கமர்த்தும் படையொன்றை நிறுவினார். இராணுவத்தைப் போல முகாமிட்டுத் தங்கியபோதிலும், அவர்கள் ஏந்திய கருவிகள் கோடாரியும் மண்வெட்டியுமே. மாதம் 30 டொலர் சம்பளம்; அதிற் பெரும்பகுதியாகிய 25 டொலர் வீட்டாருக்கு அனுப்பப்பட்டது. 1942 ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்படுமுன் ஏறக்குறைய 30 இலட்சம் வாலிபர் அதிற் பணிபுரிந்தனர். அவர்கள் வெட்டிய நடைபாதைகளும் கட்டிய சிறு பாலங்களும் அந்நாட்டுப் பூங்காக்களில் இன்றும் பயன்படுகின்றன.

அப்படை மறைந்த பின்னரும் அதன் கருத்து மறையவில்லை. 1957 ஆம் ஆண்டிலே மாணவர் தொண்டர் குழுக்கள் இரண்டு தேசியப் பூங்காக்களுக்குச் சென்று வேலை செய்யத் தொடங்கின. 1970 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, 15 முதல் 18 வயது வரையுள்ள இருபாலாரும் கோடை விடுமுறையிற் சில வாரங்கள் பொதுநிலங்களிற் கூலிக்கு வேலைசெய்ய வழிவகுத்தது. இம்முயற்சிகள் நிலைத்தமைக்குக் காரணங்கள் மூன்று. இளைஞரை நடத்துவதற்கு வேலையறிந்த ஒருவர் எப்போதும் உடனிருந்தார். வேலைக்கேற்ற கூலியோ, தொண்டாயின் உணவும் உறைவிடமுமோ, அவர்களுக்குக் கிடைத்தன. இவ்வாண்டு வெட்டிய வழியை அடுத்த ஆண்டு வேறொரு குழு வந்து பார்த்தது. மூன்றாவது காரணமே மிக முக்கியமானது.

இலங்கையிலே பொதுவேலைக்கு ஊரவர் கூடுதல் புதிதன்று. கமக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் வயலின் அளவுக்கேற்பக் குளக்கட்டில் ஒரு பங்கைத் திருத்திக் கொடுப்பது வரண்ட வலயத்தின் பழைய முறை. அரசுக்குக் கட்டாயமாகச் செய்யவேண்டிய இராசகாரிய ஊழியத்தை ஆங்கில ஆட்சியினர் 1832 ஆம் ஆண்டில் ஒழித்தனர். கொடுமை ஒழிந்தது நன்றே. ஆனால், அதனோடு குளங்களைத் திருத்தும் கூட்டுக் கடமையும் தளர்ந்துபோயிற்று. பல குளங்கள் தூர்ந்தன, கட்டுக்கள் உடைந்தன. ஆகையால், ஊர் வழமைப்படி குளவேலையை நடத்துவதற்கு 1856 ஆம் ஆண்டில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு நூற்றாண்டின் பின், 1958 ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணாக்கருடன் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று ஊரவரோடு வேலைசெய்தார். சர்வோதய இயக்கமும், சிரமதானம் என்னும் சொல்லின் பெருவழக்கும் அங்கிருந்து வளர்ந்தன.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. உழைப்பைக் கட்டாயமாக வாங்கினால் அது ஊழியம். மனமுவந்து கொடுத்தால் அது தானம். விலை பேசிக் கொடுத்தால் அது தொழில். இம்மூன்றும் வெவ்வேறானவை. தந்தையை இழந்த வீட்டிலே, விடுமுறைக் காலத்திற் செங்கல் சூளைக்கோ மீன்வாடிக்கோ கூலிக்குச் செல்லும் பிள்ளையை, "ஊருக்காக ஒரு மாதம் உழைத்துக் கொடு" என்று கேட்பது நியாயமாகாது. ஒரு நாட் சிரமதானம் யாவர்க்கும் அழகு. நாட்கணக்கில் நீளும் பராமரிப்பு வேலைக்கோ கூலி வேண்டும்.

இனி, வன்னியிற் காக்கவேண்டிய வழிகள் எவை என்று பார்க்கவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிற் பறவைச் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2015 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. கொக்கிளாய் 1951 ஆம் ஆண்டிலும், வவுனிக்குளம் 1963 ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. மேலைநாட்டுப் பூங்காக்களைப் போல இவ்விடங்களில் நெடுந்தூர நடைபாதைகளைத் தேடுதல் பயனற்றது. இலங்கையின் தேசியப் பூங்காக்களுட் பார்வையாளர் பெரும்பாலும் வாகனத்திலேயே செல்வர். யானையும் கரடியும் உலாவும் காட்டிற் கால்நடையாகச் செல்ல விடுவதில்லை. அங்கே அனுமதியின்றி ஒரு கிளையை வெட்டுவதும் குற்றமாகும். வனசீவராசிகள் திணைக்களத்தின் இசைவும் மேற்பார்வையும் இன்றி எந்தக் குழுவும் உள்ளே கத்தியெடுக்கலாகாது.

வன்னி மக்கள் நாள்தோறும் மிதிக்கும் வழிகள் பூங்காக்களுக்கு வெளியே உள்ளன. குளக்கட்டு அவற்றுள் முதன்மையானது. நீரைத் தாங்கும் அக்கட்டே பாடசாலைக்கும் வயலுக்கும் கோயிலுக்கும் செல்லும் தெருவாகவும் பயன்படுகிறது. வாய்க்கால் ஓரங்கள், களப்பின் கரைவழிகள், கிராமத்திலிருந்து காட்டோரக் கோயில்களுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இளைஞரின் விடுமுறை வேலைக்கு ஏற்ற களம் இதுவே.

காலமும் இதற்கு இசைந்திருக்கிறது. வன்னிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. பாடசாலைகளின் நடுவாண்டு விடுமுறை வழமையாக ஓகஸ்ட் மாதத்தில் விழும். சோளகம் வீசும் அக்காலத்திலே குளங்கள் வற்றியிருக்கும்; கட்டின் உட்சரிவும் வெளியே தெரியும்; மண் காய்ந்து இறுகியிருக்கும். மழைக்கு முன் வழியைத் திருத்த அதனினும் ஏற்ற பருவம் இல்லை. 2018 ஆம் ஆண்டு டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கிய பெருவெள்ளம், மாரி எவ்வளவு விரைவில் ஓர் ஊரின் வழிகளைத் துண்டிக்கும் என்பதைக் காட்டிற்று.

வழியின் முதற்பகை நீரே. நடப்போரின் கால் பட்டு வழியின் நடுப்பாகம் தாழ்ந்துபோகும். மழைநீர் அத்தாழ்வை வாய்க்காலாக்கி ஓடும். ஓடும் நீர் மண்ணை அள்ளிச் செல்லும். இதனைத் தடுக்கும் முறை எளியது. வழியின் மேற்பரப்பைச் சற்றே ஒரு பக்கம் சரிவாக அமைத்தால், நீர் வழியின் நீளத்துக்கு ஓடாது குறுக்கே கடந்து போகும். நூறு பங்கு அகலத்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தாழ்வு போதும். சரிவான இடங்களில் மரக்குற்றியையோ கல்வரிசையையோ குறுக்கே சாய்வாகப் பதித்தால் நீர் ஓரத்துக்குத் திரும்பும். பள்ளங்களைக் கிறவலால் நிரப்பி இடிக்கவேண்டும். வெறும் மணலைக் கொட்டினால் முதல் மழையிலேயே அது போய்விடும். பற்றையை நிலமட்டத்தோடு வெட்டவேண்டும். கூரிய அடிக்கட்டை மிஞ்சினால் பின்வருவோர் காலைக் கிழிக்கும்.

குளக்கட்டுக்கு வேறு விதிகளும் உண்டு. கட்டிலே முளைக்கும் இளமரக் கன்றுகளை வேரோடு பிடுங்கவேண்டும். அவை மரமாகிப் பின்னர் பட்டுப்போனால், உக்கிய வேரின் இடம் நீர் புகும் குழாயாகிவிடும். ஏற்கெனவே முதிர்ந்து நிற்கும் மரத்தையோ தன்னிச்சையாகத் தறிக்கலாகாது. தறித்தபின் உக்கும் வேரே கட்டுக்குக் கேடு. அதனைப் பொறியியலாளரே தீர்மானிக்கவேண்டும். புல்லைச் செதுக்கி நிலத்தை வெறுமையாக்குதலும் தவறு. புல்லின் வேர்தான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. கறையான் புற்று, உடும்பு வளை, மாடுகள் இறங்கி ஏறிய தடம், துருசின் அருகே தோன்றும் ஈரம் ஆகியவற்றைக் கண்ட இடத்தில் அடையாளமிட்டுக் கமக்காரர் அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். சிறு குளங்களாயிற் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், பெருங்குளங்களாயின் நீர்ப்பாசனத் திணைக்களமும் அவற்றைக் கவனிக்கும். கண்டதைக் குறித்துவைக்கும் இப்பழக்கமே இளைஞர் பெறும் பெரும் பயிற்சி. கட்டு ஏன் உடைகிறது என்பதைப் பதினாறு வயதில் அறிந்த ஒருவர், பின்னாளில் அதனை உடையவிடமாட்டார்.

வன்னிக்கே உரிய நிபந்தனையொன்று இவையனைத்துக்கும் முன்னிற்கிறது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, இப்பெருநிலப்பரப்பின் காடும் மேடும் வெளியும் மிதிவெடிகளையும் வெடியாத குண்டுகளையும் தாங்கிக் கிடந்தன. போர்முனை நீண்டகாலம் நிலைத்துநின்ற முகமாலையில் வெடியகற்றும் வேலை பல்லாண்டுகள் நீடித்தது. பயிற்சி பெற்ற ஆண்களும், வன்னிப் பெண்கள் பலரும், மண்ணை விரல்விரலாகச் சோதித்து நிலத்தை மீட்டனர். இலங்கை 2017 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆள்கொல்லி மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. ஏனைய நாடுகளில் வழியை விட்டு விலகினால் முள் குத்தும். இங்கே வழியை விட்டு விலகியவர் காலையும் உயிரையும் இழந்ததுண்டு. ஆதலால், பாதுகாப்பானதென அதிகாரபூர்வமாகக் கையளிக்கப்படாத நிலத்தில் இளைஞர் ஒரு மண்வெட்டியும் போடலாகாது. கையளித்த நிலத்திலும் வெள்ளம் மண்ணைப் பெயர்த்துப் பழைய பொருளை வெளிக்கொணரலாம். இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று பொலீசாருக்கு அறிவிக்கவேண்டும். இதனை முதல்நாட் பாடமாகக் கற்பிக்காத குழுவிற் பிள்ளைகளைச் சேர்ப்பது தகாது.

வயதைப் பற்றியும் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 ஆம் ஆண்டிலே 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயது நிரம்பாதோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துதல் குற்றம். ஆகவே, மரம் தறித்தலும் இயந்திரவாள் பிடித்தலும் இவர்களுக்குரியன அல்ல. பற்றை வெட்டல், வடிகால் துப்பரவாக்கல், கிறவல் பரப்பல் என்பனவே உரியன. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டும். ஆயினும், யானை நடமாடும் இடங்களில் நன்கு விடிந்தபின்னரே இறங்கவேண்டும். சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் அவசியம்; புடையனும் சுருட்டையும் சருகினுள்ளே கிடக்கும். பாம்பு தீண்டினால் கடிவாயை வெட்டாமலும் இறுக்கிக் கட்டாமலும், தீண்டப்பட்டவரை அசையவிடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

இத்தனை நிபந்தனைகளும் வேலையை மலைப்பாக்குவதற்குக் கூறப்பட்டவை அல்ல. பாதுகாப்பான நிலம், வேலையறிந்த ஒரு வழிகாட்டி, நியாயமான கூலி, ஒரு குறிப்புப் புத்தகம் ஆகிய நான்கும் இருந்தால், பத்துப் பேர் கொண்ட குழுவொன்று ஓர் ஊரின் குளக்கட்டையும் அதனை அடுத்த வழிகளையும் மாரிக்கு முன் ஒழுங்காக்கிவிடலாம். விழா எடுத்து, நாடா வெட்டி, படம் பிடித்து ஒரே நாளில் முடிக்கும் துப்பரவுப் பணி அடுத்த தை பிறக்குமுன் பற்றைக்குள் மறைந்துவிடும். இவ்வாண்டுக் குழு எழுதிவைத்த குறிப்பைக் கையிலெடுத்து, எந்தக் குற்றி பெயர்ந்தது, எந்த வடிகால் தூர்ந்தது என்று அடுத்த ஓகஸ்டில் இன்னொரு குழு பார்க்குமாயின், அவ்வூரின் பாதை நிலைக்கும். வெளியூருக்கு வேலை தேடிச் செல்ல எண்ணும் பிள்ளைக்கும், தன் ஊரிலே தன் கையாற் காக்கவேண்டியது ஒன்று உண்டு என்பது அப்போது விளங்கும்.